அம்பாரிக்கு ஒரு பக்கிள்

திருவனந்தபுரம் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால், கோயிலுக்குப் போனீர்களா, கோவளத்துக்குப் போனீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் போகவில்லை. பைக் கடை, ஹெல்மெட் கடை, பெல்ட் கடை, மறுபடியும் பைக் கடை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் பக்கிளுக்காக. இதைச் சொன்னால் கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் மகள் பூரணிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை. எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அந்தக் குறையை ஈடுகட்ட வாய்க்கு நாலு பேருடைய பலம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சக்கர நாற்காலி. சக்கரம் உருளாத இடத்துக்கு அம்பாரி.

அம்பாரி என்பது அவள் வைத்த பெயர். மலையேறுகிறவர்கள் குழந்தையை முதுகில் வைத்துச் சுமப்பதற்கான அலுமினியச் சட்டம் அது. உள்ளே துணி இருக்கை, வெளியே சுமப்பவனுக்குத் தோளில் இரண்டு வார், இடுப்பில் ஒரு வார். பாரம் முழுவதும் இடுப்பு வாரில்தான் இறங்கும். அந்த வாரைப் பூட்டுவதுதான் பக்கிள். என் மைத்துனன் சரவணன் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனோடு வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது இதை விட்டுவிட்டுப் போனார். முதல்முறை ஏறி உட்கார்ந்ததுமே பூரணி, “யானை மேல அம்பாரியில உக்காந்த மாதிரி இருக்குப்பா” என்றாள். அப்படியானால் நான் யார் என்று கேட்கவில்லை.

எங்களுக்கு ஊர் சிவகாசி. மேகம் கூடினால் முகம் சுளிக்கிற ஊர். வெடிக்கு ஆகாது, தீப்பெட்டிக்கு ஆகாது, நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் தாளுக்கும் ஆகாது. ஈரம் ஏறிச் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு மேகத்தின்மேல் ஆசை வந்ததற்கு நான் கொண்டுவந்த காலண்டர்தான் காரணம். அதில் ஒரு மாதத்துக்குப் புல்வெளி மலையும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மேகமும் படமாக வந்தன. “இதுக்குள்ள போனா எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாள். அந்த மாதம் முடிந்தும் தாளைக் கிழிக்க விடவில்லை. சரவணனுக்குப் போன் போட்டேன். பொன்முடிக்கு வாங்க அத்தான், உச்சிவரைக்கும் கார் போகும், அங்கிருந்து புல்மேட்டில் ஏறினால் மேகத்துக்குள்ளேயே நிற்கலாம் என்றான். புல்மேட்டில் கல்லும் படியும். சக்கர நாற்காலிக்கு வழியில்லை. அதை வீட்டில் விட்டுவிட்டு, அம்பாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என் மனைவி செல்வராணி அரசு மருத்துவமனையில் நர்ஸ், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் வைத்திருந்த அம்பாரிமேல் யாரோ ஒரு புண்ணியவான் தன் இரும்புப் பெட்டியைத் தள்ளியிருக்கிறார். பக்கிளின் மூன்று பல்லில் இரண்டு போய்விட்டன. அழைத்துப்போக வந்திருந்த சரவணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

“நம்ம மகாராணி வெயிட்டு தாங்கலபோல அத்தான்” என்றான்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். பூரணியும் சிரித்தாள்.

அன்று காலை கழக்கூட்டத்தில் சாப்பிட்டோம். நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன ஹோட்டல். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் நின்றபடியே புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் டிபன் சாப்பிடுகிறவன் தட்டைப் பார்ப்பான், இங்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். புட்டு ஆவி பறக்க வந்தது. பூரணி ஒரு கைப்பிடி பிசைந்தாள், பாதியைத் தின்றாள், போதும் என்றாள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா இரண்டைச் சால்னாவில் முக்கித் தின்கிற பிள்ளை இவள். புது ஊர், புது ருசி என்று விட்டுவிட்டேன்.

செல்வராணி போனில், “சாப்பிட்டாளா? எவ்வளவு?” என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் எண்ணிக்கை வேண்டும். மருந்துக் கணக்குப் பார்த்துப் பழகிய கை.

“ஒரு புட்டு முழுசா” என்றேன்.

மறுநாள் சரவணன் ஆபீசுக்குப் போய்விட்டான். நான் பூரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்பாரியை மற்றொரு தோளில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். குளிரூட்டிய கடை ஒன்றில் மலைக்குப் போகிற சாமான்கள் அத்தனையும் இருந்தன. கூடாரம் இருக்கிறது, தண்ணீர்ப் புட்டி இருக்கிறது, மழைக்கோட்டு இருக்கிறது, பக்கிள் மட்டும் தனியாக இல்லை. “ஃபுல் பேக் எடுக்கலாம் சார்” என்றாள் கடைப்பெண். பல் வலி என்று போனவனுக்குப் புதுத் தலை விற்பதுபோல இருந்தது. ஹெல்மெட் கடைக்காரர் தன்னிடம் இருந்த கிளிப்பைப் போட்டுப் பார்த்தார். எங்கள் வார் அகலம், அவர் கிளிப் பொடிசு. பெல்ட் கடையில் இரும்பு பக்கிள் இருந்தது. ஆனால் முள் குத்த வாரில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் வார் கிழியும்.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறும் மீன்கறியும். கறியில் குடம்புளி, நாக்கைச் சுண்டியது. நான் இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன். பூரணி நாலு பருக்கையை ஓரமாக அடுக்கி விளையாடினாள். அரிசி பெரிதாக இருப்பதால் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, தயிர் வாங்கிப் பிசைந்து கொடுத்தேன். வேண்டாமென்று தலையசைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. அலைச்சல் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். திட்ட வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

செல்வராணியிடம், “மீனோட ரெண்டு கரண்டிச் சோறு” என்றேன்.

சாயங்காலம் சரவணன் இணையத்தில் தேடினான். அசல் பக்கிள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாமே அத்தான். மலை எங்க போயிரப் போகுது?”

மலை எங்கும் போகாது. பூரணி வளர்ந்திருப்பாள். இருக்கை வளராது. என் முதுகும் நாளுக்கு நாள் இளமையாகிற முதுகில்லை. அவளை மேகத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதென்றால் இந்த வருஷம்தான் என்று ஊரில் கிளம்பும்போதே எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை முன்னால் இதையெல்லாம் சொல்ல முடியுமா? “சாலைக் கடைத்தெருவுல பாத்துட்டு வந்துடறேன் மாப்ள” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் பஸ் ஏறினோம். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த மலையாளம் எழுத்தில் செல்லுபடியாகாது. சாலைக் கடைத்தெருவுக்குக் கிழக்கேகோட்டையில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் தமிழில் சொன்னேன், அவர் மலையாளத்தில் தலையாட்டினார். பூரணி மடியில் தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளையின் கனம் இதமாக இருக்க, நானும் கண்ணயர்ந்தேன். விழித்தபோது பஸ் ஒரு ஆற்றுப் பாலத்தின் அருகில் நின்றது. கிழக்கேகோட்டை எப்போதோ போய்விட்டது, கரமனை வந்துவிட்டது, இறங்கு என்றார் கண்டக்டர்.

திரும்பிப்போக பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கப் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தேன். அக்ரஹாரத் தெரு. வாசலில் கோலத்தைத் தாண்டி வந்த ஒரு மாமி, நான் திக்கித் திணறிப் பேசிய மலையாளத்தைக் கேட்டுவிட்டு, “தமிழ்லயே கேளுங்கோ” என்றார். வழியைச் சொன்ன பிறகு பூரணியைப் பார்த்தார்.

“கொழந்தை மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? ஆகாரம் ஏதாவது ஆச்சோ?”

“சாப்பிட்டாச்சு மாமி. வயிறு நெறஞ்சிருக்கு” என்றாள் பூரணி.

காலையில் அவள் குடித்தது அரை டம்ளர் பால். என் பெண் வாயாடுவாள், அடம்பிடிப்பாள், பொய் சொல்ல மாட்டாள். மாமி கொண்டுவந்து கொடுத்த மோரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை.

சாலைத் தெருவுக்குள் போனதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வத்தல் நெடி, வெங்காயச் சாக்கு, கைவண்டிக்காரனின் கத்தல். பாதிக் கடைகளில் தமிழ்ப் பேச்சு. பைகளுக்கான ஜிப்பும் வாரும் வளையமும் விற்கிற ஒரு கடையைக் காட்டினார்கள். கடைக்காரருக்குத் தென்காசிப் பக்கம் பூர்வீகம். தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் வம்பு பேசிக்கொண்டிருந்தார். அம்பாரியை மேஜைமேல் வைத்தேன்.

“இது எந்த சாதனம் சாரே? கசேரியா, பேகா?” நாற்காலியா பையா என்கிறார்.

சொன்னேன். அம்பாரி என்று பெயரைச் சொன்னதும் பூரணியைப் பார்த்து, “அப்ப ஆனை எவிடெ?” என்று சுற்றுமுற்றும் யானையைத் தேடினார். வேறு நாளாக இருந்தால் பூரணி என்னைக் கைகாட்டிச் சிரித்திருப்பாள். இன்று என் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

டப்பா டப்பாவாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் பள்ளிக்கூடப் பைக்கானவை. பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். அகலமான, தடித்த, ஆரஞ்சு நிற பக்கிள்கள்.

“லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளது. கடல்ல போறவங்களுக்கு விழிஞ்ஞம் பார்ட்டி ஒருத்தன் ஆர்டர் தந்தான், அதுல மிச்சம். கடலுக்குள்ளத மலைக்குக் கொண்டு போறீங்க, அவ்வளவுதானே. அளவு கரெக்டா இருக்கும், கேட்டோ.” வாரை நுழைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. “பக்ஷே கேரண்டி நான் தரமாட்டேன். பாரம் எத்தன வரும்?”

நான் பதில் சொல்வதற்குள் பூரணி சொன்னாள்.

“முன்னாடி இருபத்தொண்ணு. இப்ப கொறஞ்சிருக்கும். நான் சாப்பிடறத கொறச்சுட்டேன்.”

கடைக்காரர் பக்கிளை மேஜைமேல் வைத்தார். நான், “எதுக்குடா?” என்றேன்.

“என் வெயிட்டு தாங்காமத்தானப்பா ஒடஞ்சுது. மாமா சொன்னாங்கல்ல. புதுசும் ஒடஞ்சா நீங்க விழுந்துருவீங்க. மலையில விழுந்தா அடிபடும்.”

தம்பானூரில் எல்லோரைவிடவும் சத்தமாகச் சிரித்தவன் நான். இரும்புப் பெட்டி மோதித்தான் உடைந்தது, சரவணன் சும்மா கேலி செய்தான் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு எட்டு வருஷமாகப் பழக்கம். இவளிடம் பேசிப் பயனில்லை, கண்ணால் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

கடைக்காரர் பழைய தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் புது பக்கிளை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெஷினை ஓட்டினார். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு அரிசி மண்டி. வாசலில் லாரி நின்றது. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன.

“உன்ன விடக் கனமான ஒண்ண அம்பாரியில ஏத்திப் பாத்துருவமா?” என்றேன். பூரணி யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அவளைக் கடை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினேன். மண்டிக்காரரிடம், ஒரு சிப்பத்தைக் கொஞ்ச நேரம் கடனாகக் கொடுங்கள் என்று கேட்டேன். அவரும் தமிழர்தான். விநோதமாகப் பார்த்து, எடுத்துக்கோங்க என்றார். குனிந்து சிப்பத்தின் இரண்டு காதையும் பிடித்தேன்.

தெருவே அதட்டியது போலிருந்தது. லாரியருகில் நின்ற நீலச்சட்டைக்காரர்கள் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சுமைத் தொழிலாளிகள். அவர்களில் மூத்தவர், தலையில் துவர்த்துமுண்டு என்கிற துண்டு கட்டியவர், சிப்பத்தின்மேல் கை வைத்தார். அவர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தவரை இது: “இந்தத் தெருவில் மூட்டையை நாங்கள்தான் எடுப்போம். எங்களுக்கு இது சோறு. நீங்கள் எடுத்தால் நாளைக்கு எல்லோரும் எடுப்பார்கள்.”

மண்டிக்காரர் சட்டென்று கல்லாவில் குனிந்துகொண்டார். சிவகாசியில் முதலாளி மகனே பண்டலைத் தோளில் போட்டுக்கொண்டு போவான், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கேட்பார்கள் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வேர்த்துவிட்டது. பக்கிள், மலை, மேகம் என்று தமிழும் மலையாளமுமாக உளறினேன். ஒருவருக்கும் புரியவில்லை.

எதிர்க்கடையிலிருந்து பூரணியின் குரல் வந்தது. “எனக்காகத்தான் எடுத்தாரு. நான் கனம். அம்பாரி தாங்குமான்னு பாக்கணும்.”

பக்கிள்காரர் அதை மலையாளத்தில் சொன்னார். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்தே சொல்லியிருப்பார், நேரமாயிற்று. மூத்தவர் தெருவைத் தாண்டிப் போய்ப் பூரணியின் முன்னால் நின்றார். அவளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு அம்பாரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முதுகில் மாட்டினார்.

“ஏத்துறது எங்க வேலை. நீ நில்லு” என்று சைகையிலேயே சொன்னார்.

ஒரு சிப்பத்தை ஒற்றை மூச்சில் எடுத்து, சத்தமில்லாமல் இருக்கைக்குள் இறக்கினார். இறக்கும்போது அடியில் ஒரு கை கொடுத்தார், பிள்ளையை உட்காரவைக்கிற மாதிரி. இன்னொருவர் என் இடுப்பு வாரைப் பூட்டினார். ஆரஞ்சு பக்கிள் ‘டக்’ என்றது. மூத்தவர் தன் துவர்த்துமுண்டை அவிழ்த்துச் சிப்பத்தின் தலையில் முக்காடு போட்டுவிட்டார். பூரணி சிரிக்கத் தொடங்கினாள். தம்பானூரில் சிரித்ததற்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு சாலைத் தெருவில் நடந்தேன். பின்னால் நாலு நீலச்சட்டைகள். ஒரு வெங்காயக் கடைக்காரர், “பிள்ளைக்கு எத்தனை வயசு?” என்று கேட்டார். “போன அறுவடையில் பிறந்தது” என்று பின்னாலிருந்து ஒருவர் பதில் சொன்னார். குதிக்கச் சொன்னார்கள், குதித்தேன். குனியச் சொன்னார்கள், குனிந்தேன். பக்கிள் அசையவில்லை. முதுகு அசைந்தது, அதை நான் வெளியில் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் மூத்தவர் மண்டிக்குள் போய் ஒரு சின்னப் பயறு மூட்டையைக் கொண்டுவந்து சிப்பத்தின் மேல் வைத்தார்.

“இது எதுக்கு?” என்றேன்.

“பிள்ளை வளர வேண்டாமா? அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பார்” என்றார்.

அதையும் சுமந்து ஒரு நடை போனேன். பக்கிள் தாங்கியது. பூரணி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதும் மூத்தவரிடம் கேட்டாள், “அதுக்கும் மேல வளந்துட்டேன்னா?”

நான் செல்வராணியிடம்கூட வாய்விட்டுப் பேசாத கேள்வி அது. பக்கிள்காரர் மொழிபெயர்த்தார். மூத்தவர் யோசிக்கவே இல்லை.

“பாரம் கூடினால் ஆளைக் கூட்டுவோம். ஒருத்தர் தூக்க முடியாததை இரண்டு பேர், இரண்டு பேர் முடியாததை நாலு பேர். நாங்கள் தினமும் செய்வது அதுதானே மோளே.”

ஏற்றுகூலி எவ்வளவு என்று கேட்டேன். சாயா போதும் என்றார்கள். மூட்டைகளை இறக்கியதும், காலி அம்பாரியோடு பூரணியைத் தூக்கிவந்து மூலையில் இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன், மற்றவர்கள் நின்றோம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. மூத்தவர் ஒன்றைத் தாளில் சுற்றிப் பூரணியிடம் நீட்டினார். அவள் என் இடுப்பைப் பார்த்தாள், ஆரஞ்சு பக்கிளைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். ஊதி ஊதி முழுவதும் தின்றாள். இன்னொன்று கேட்டாள். நான் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், கண்ணில் தண்ணீர். வத்தல் நெடி என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அன்று ராத்திரி சரவணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். இவனையும் கெஞ்சிச் சாப்பிடவைக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் பொன்முடி. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறியதில் எனக்குத்தான் தலை சுற்றியது. பூரணி ஜன்னலில் தேயிலைச் செடிகளுக்குக் கைகாட்டிக்கொண்டே வந்தாள். கார் நின்ற இடத்திலிருந்து முதல் பாதி நான் சுமந்தேன். மூச்சு வாங்கியதும், வெட்கப்படாமல், “மாப்ள, ஆள் கூட்டணும்” என்றேன். சரவணன் வாங்கி மாட்டிக்கொண்டான். “வெயிட்டு எப்படி மாமா?” என்று மேலிருந்து கேட்டாள். “இன்னும் ரெண்டு சிப்பம் ஏத்தலாம்” என்றான் அவன். கடைசி ஏற்றத்தில் மறுபடியும் என் முதுகுக்கு வந்தாள்.

மேகம் வருவது தெரியவில்லை. புல் மறைந்தது, சரவணன் மறைந்தான், என் கை மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் நனைந்தது. ஊரில் என் முதலாளிக்குப் பிடிக்காத ஈரம் அத்தனையும் எங்களைச் சுற்றி நின்றது. பூரணி மேலே கையை நீட்டித் துழாவியதில் அம்பாரி ஆடியது. “படத்துல இருக்கிற மாதிரி இல்லப்பா. உள்ள ஒண்ணுமே தெரியல. நல்லா இருக்கு” என்றாள். பிறகு பை பிரிக்கும் சத்தம். சரவணன் அவளுக்கென்று உண்ணியப்பம் வாங்கி வந்திருந்தான். என் தலையில் எண்ணெயும் துகளுமாக விழத் தொடங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. அந்த இடத்தில் எப்படித்தான் சிக்னல் கிடைத்ததோ.

“சாப்பிட்டாளா?” என்றாள் செல்வராணி.

“சாப்பிட்டுக்கிட்டே இருக்கா.”

“எத்தன?”

“உண்ணியப்பம். இது அஞ்சாவது.”

“போங்க, எங்கிட்டயே பொய் சொல்றீங்க” என்றாள்.

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, “நீயே அம்மாகிட்ட சொல்லு” என்றேன். பூரணியால் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய இருந்தது.